ஏற்காட்டில் பறித்த பூவும் என் மகளின் வலது கண்ணும்

அஸ்தம்பட்டிக்காரர்:

கோடை விழா சமயத்தில் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். தங்கின வீட்டு வேலியோரம் சாண் நீளத்துக்கு வெள்ளைப் பூக்கள், மணி மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பொழுது சாய்ந்ததும் வாசனை ஆளைத் தூக்கியது. என் மகளுக்கு 9 வயது. நாலைந்தைப் பறித்து விரலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, பொம்மைக்குப் பாவாடை கட்டி, சாயங்காலம் முழுக்க அதோடுதான் விளையாட்டு. நானும் ரசித்துப் போட்டோ எடுத்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா, தட்டு மங்கலாத் தெரியுது" என்றாள். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். என் மனைவிதான் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். வலது கண் பாப்பா மிளகு அளவுக்கு விரிந்து கிடக்கிறது, இடது கடுகு அளவு. டார்ச் அடித்தால் இடது சுருங்குகிறது, வலது அசையவே இல்லை. மதியம் ஏரிப் படகுத்துறையில் வழுக்கி விழுந்திருந்தாள். தலையில் அடிபட்டால் இப்படி ஆகும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. 20 கொண்டை ஊசி வளைவையும் அந்த இருட்டில் எப்படி இறங்கினேனோ!

சேலத்தில் பார்த்த டாக்டர், விழுந்த கதையைக் கேட்டுவிட்டு, "ஏதாச்சும் செடியத் தொட்டியா பாப்பா?" என்றார். போட்டோவைக் காட்டினேன். ஊமத்தைக்கு உறவுக்காரச் செடியாம். நம்ம ஊமத்தைப் பூ வானம் பார்க்கும், இது மண்ணைப் பார்க்கும். கண் பரிசோதனைக்கு முன் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிய வைப்பார்களே, அந்த அட்ரோபின் வகைச் சரக்கு இதன் சாற்றில் இருக்கிறது. விரலில் ஒட்டியது, கண்ணைக் கசக்கும்போது உள்ளே போய்விட்டது. வாய்க்குள் போயிருந்தால் நாக்கு வறண்டு, நெஞ்சு படபடத்து, பிதற்றவே ஆரம்பித்திருப்பாள் என்றார். விழுந்திருந்ததால் தலையையும் ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. மூன்றாம் நாள்தான் இரண்டு கண்ணும் ஒன்றுபோல ஆயின.

இந்த மாதிரி செடி கொடியிடம் மாட்டியவர்கள் எழுதுங்களேன்.

பனமரத்துப்பட்டி விவசாயி:

எங்களுக்கு அரளிதான் சோறு போடுகிறது. விடியும் முன்னே மொட்டுப் பறிப்போம். சோப்புப் போட்டுக் கழுவாத கையோடு சோத்துச் சட்டியைத் தொட எங்கள் அம்மாயி விட்டதே இல்லை. ஆடு வாய் வைக்காத செடி என்பார்கள். பச்சையாக இருக்கும்வரை கசப்புக்கு ஒதுங்கிவிடும், நிஜம்தான். ஒரு தடவை கவாத்து பண்ணின தழை காய்ந்து சோளத்தட்டோடு கலந்துபோனது. தின்ற கன்றுக்குட்டி மறுநாள் எழவில்லை. காய்ந்தாலும் விஷம் போகாதுங்க, இதயத்துடிப்பையே கெடுக்கிற சரக்கு அது. நெடுஞ்சாலை ஓரம் வண்டியை நிறுத்திச் சமைத்த ஒரு குடும்பம், நடுவில் பூத்து நின்ற அரளியில் குச்சி ஒடித்துச் சோறு கிளறப் போனதை ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன். அடுப்புக்கும் அதை வைக்காதீர்கள், புகையும் ஆகாது.

பழைய மாணவன்:

காட்டாமணக்கு இலைக்காம்பை ஒடித்து, அந்தப் பாலில் முட்டை ஊதாத பையன் எங்கள் ஊரில் கிடையாது. அத்தோடு விட்டிருக்கலாம். ஐந்தாம் வகுப்பில் ஆறு பேர் கொட்டையை உடைத்துத் தின்றோம். வேர்க்கடலை ருசி, சத்தியமாக. சாயங்காலத்துக்குள் ஆறு பேரும் வாந்தி பேதியில் சுருண்டுவிட்டோம்.

மலைப்பாதை:

குருவி கொத்தின பழத்தை நம்பித் தின்னலாம் என்பார் எங்கள் தாத்தா. சரிதானா?

அஸ்தம்பட்டிக்காரர்:

வேண்டாம்ங்க. மஞ்சள் அரளிப் பழத்தைக் குயில் விழுங்கிவிட்டு அடுத்த கிளையில் உட்கார்ந்து கூவும். அதே பழத்தின் கொட்டை மனுஷனுக்கு எமன். யாராவது எதையாவது தின்றுவிட்டால், நாமாக வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். செடியின் போட்டோவோ பையில் போட்ட ஒரு கொப்போ கையில் இருக்கட்டும். எங்களுக்கு அந்தப் போட்டோதான் கை கொடுத்தது.

அந்த வீட்டுக்காரருக்கும் போன் செய்து சொன்னேன். "பூ அழகா இருக்குமேங்க" என்றார்.