பின்பால் போட்டியில் பக்கத்தில் நின்றவரிடம் கற்றுக்கொண்டது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பின்பால் என்பது சரிவான பலகையில் உருளும் இரும்புப் பந்தைக் கீழே போய்விடாமல் ஃபிளிப்பரால் (பட்டனை அமுக்கினால் மேலே எழும் சின்னக் கைகள்) அடித்து ஆடுகிற மெஷின் ஆட்டம். அதன் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்பு பல வருடம் தனியாக ஆடியிருக்கிறேன், இரண்டும் ஒரே ஆட்டம் என்று நினைத்துத்தான் முதல் போட்டிக்குப் போனேன். அன்றைக்கு என் குழுவில் ஆடிய ஒரு அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான்கு பேர் ஒரே மெஷினில் ஆட வேண்டும், ஆளுக்கு மூன்று பந்து, ஒருவர் பந்து போனதும் அடுத்தவர். நான் முதல் ஆள். என் முதல் பந்து இருபது விநாடிகூட நிற்கவில்லை. இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கி, வருகிற பந்தையெல்லாம் மேலே அடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன், அது இரண்டு ஃபிளிப்பருக்கும் நடுவில் நேராக இறங்கிப் போய்விட்டது. மூன்றாவதாக அந்த அம்மா வந்தார், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பந்து வேகமாக வலது ஃபிளிப்பரை நோக்கி வருகிறது, அவர் விரல் பட்டன் மேல்தான் இருக்கிறது, ஆனால் அமுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பதறிவிட்டது. பந்து அந்தப் படுத்திருந்த ஃபிளிப்பரின் ரப்பரில் டொக்கென்று விழுந்து, தானாகவே துள்ளி இடது பக்கம் போனது. அங்கே இடது ஃபிளிப்பரைத் தூக்கிப் பிடித்தார், பந்து அதன் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு மூச்சு விட்டார், டிஸ்பிளேயை நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் ஃபிளிப்பரை இறக்கி, பந்து நுனியை நோக்கி உருண்டு வரும்போது ஒரே ஒரு அடி. பந்து ராம்பில், அதாவது ஏறிப் போகும் சரிவுப் பாதையில், ஏறியது.

இதற்கு டெட் பவுன்ஸ் என்று பெயர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆட்டம் முடிந்ததும் போய்க் கேட்டேன். "தம்பி, பந்து உன்கிட்ட வரும்போது ஒண்ணும் செய்யாம இருக்கப் பழகு, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். அடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் ஸ்கோரைப் பற்றிக் கவலைப்படாமல் அதை மட்டும் பழகினேன். விரல் தன்னிச்சையாக அமுக்கிவிடும், அதை அடக்குவதுதான் கஷ்டம். எத்தனை பந்து போனது என்று கணக்கே இல்லை. ஆனால் ஒரு நாள் பந்து துள்ளி மறுபக்கம் போய் நின்றபோது, எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, நின்று யோசித்து ஓர் அடி அடித்தேன்.

உங்களுக்கும் இப்படி யாராவது கிடைத்திருப்பார்கள். எழுதுங்கள்.

* * *

எனக்குக் கிடைத்தவர் என்னைத் தோற்கடித்தவர். இது டில்ட் பற்றிய கதை, அதாவது மெஷினை அளவுக்கு மீறித் தள்ளினால் அது அந்தப் பந்தின் ஆட்டத்தையே நிறுத்திவிடுவது.

கடைசிப் பந்து, நான்தான் கடைசி ஆள், முதலிடத்தில் இருந்தவரைவிடக் கொஞ்சம் பின்னால் இருந்தேன். பந்து இடது அவுட்லேனுக்கு (ஃபிளிப்பருக்கு எட்டாமல் ஓரமாகக் கீழே இறங்கும் வழி) போகப் பார்த்தது, மெஷினை ஒரு தள்ளு தள்ளினேன், திரும்பி உள்ளே வந்தது. வந்த பந்து ஃபிளிப்பருக்கு மேலே பந்தை எகிற அடிக்கிற ஸ்லிங்ஷாட்டில் பட்டு நேராக வலது அவுட்லேனுக்குப் பாய்ந்தது. யோசிக்காமல் மறுபடியும் தள்ளினேன். அவ்வளவுதான், விளக்கெல்லாம் அணைந்து ஃபிளிப்பர் செத்துவிட்டது. பந்து எப்படியும் போயிருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டு நகர்ந்தேன். முதலிடத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி, "அந்தப் பந்தைச் சும்மா விட்டிருந்தால் போனஸ் சேர்ந்து நீங்கள்தான் ஜெயித்திருப்பீர்கள்" என்றார். டில்ட் ஆனால் அந்தப் பந்தின் போனஸ், அதாவது பந்து முடிந்ததும் சேர்கிற புள்ளி, போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் போனஸ் எவ்வளவு ஏறியிருக்கிறது, எத்தனை மடங்காக இருக்கிறது என்று நான் பார்த்திருக்கவே இல்லை. அவர் பார்த்திருக்கிறார். தன் ஆட்டம் முடிந்த பிறகும் என் போனஸை அவர் எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அன்று மாலை மெஷின்களைப் பார்த்துக்கொள்பவரிடம் அவரே என்னை அழைத்துப் போய், காசு போடும் கதவைத் திறந்து உள்ளே காட்டச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கவாட்டில் ஒரு கம்பி தொங்குகிறது, அதில் கூம்பு மாதிரி ஓர் உலோகக் குண்டு, சுற்றி ஒரு வளையம். குண்டு வளையத்தைத் தொட்டால் மின்சுற்று மூடி ஓர் எச்சரிக்கை கணக்காகும், எச்சரிக்கை தீர்ந்தால் டில்ட். கூம்பைக் கம்பியில் மேலே ஏற்றினால் இடைவெளி குறையும், இறக்கினால் கூடும். போட்டிக்குப் பெரும்பாலும் இறுக்கி வைப்பார்களாம். என்னைத் தோற்கடித்தவர் பெட்டியை லேசாகத் தட்டிவிட்டு, "இப்போது எண்ணுங்கள்" என்றார். தட்டி முடித்துப் பல விநாடி கழித்தும் குண்டு ஊசலாடிக்கொண்டே இருந்தது. முதல் தள்ளலைவிட அடுத்து வருவது ஆபத்து, குண்டு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும்போது சின்னத் தட்டே போதும் என்பது அங்கே குனிந்து பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டேஞ்சர் என்று டில்ட் எச்சரிக்கை டிஸ்பிளேயில் வந்தால் இப்போதெல்லாம் என் கண் முன்னால் அந்தக் குண்டுதான் ஆடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்தைய ஆள் டில்ட் செய்துவிட்டுப் போனால் குண்டு அடங்கும்வரை காத்திருந்து பந்தை விடுங்கள். அவசரப்பட்டால் நீங்கள் தொடாமலேயே எச்சரிக்கை உங்கள் கணக்கில் விழலாம்.

* * *

நான் சின்னதாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

நாக் அவுட் போட்டி, தோற்றால் வீடுதான். நான்கு பேர் ஆட்டத்தில் என் முறை வந்தது தெரியாமல் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் தன் முறை என்று நினைத்து வந்து என் பந்தை பிளஞ்சரால் (பந்தை உள்ளே தள்ளிவிடும் கம்பி) விட்டு ஆட ஆரம்பித்துவிட்டார். யாருமே கவனிக்கவில்லை. இரண்டு அடி அடித்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. பட்டனிலிருந்து கையை எடுத்து, பந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்று, நடத்துனரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "நான் முறை மாறி ஆடிவிட்டேன்" என்றார். முறை மாறி ஆடினால் அந்த ஆட்டத்திலிருந்து தகுதி நீக்கம், அது அவருக்கு நன்றாகவே தெரியும். அதோடு அவர் போட்டி முடிந்தது. அடுத்த சுற்றுக்கு நான் போனேன். அவர் வெளியே போகாமல் கடைசிவரை நின்று எங்கள் ஆட்டத்தையெல்லாம் பார்த்தார்.

இப்போது ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் டிஸ்பிளேயில் எந்த எண் மின்னுகிறது என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் மெஷின் முன் நிற்கிறேன்.

* * *

எங்கள் அப்பாவுக்கு இது சூதாட்டம். நான் எத்தனை சொல்லியும் மாறவில்லை, அவரைக் குறையும் சொல்ல முடியாது. 1930-களில் வந்த மெஷின்களில் ஃபிளிப்பரே கிடையாது. பந்தை விட்டுவிட்டு, அது எந்தக் குழியில் விழும் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், கொஞ்சம் தள்ளலாம், அவ்வளவே. காசு வைத்து ஆடினார்கள். நியூயார்க்கில் மேயர் லாகார்டியா 1942-இல் தடை போட்டு மெஷின்களைப் பிடித்து உடைத்தார். 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ஹம்ப்டி டம்ப்டி மெஷினில், ஹாரி மாப்ஸ் வடிவமைத்த ஆறு ஃபிளிப்பர்கள் வந்த பிறகுதான் ஆடுபவர் கைக்கு வேலை வந்தது. ஆனால் தடை அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட முப்பது வருடம் நின்றது.

1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் நகரசபைக்கு முன்னால் ஆடிக் காட்டினார். மெஷினில் ஏதாவது ஏமாற்று இருக்குமோ என்று சந்தேகப்பட்ட சபை உறுப்பினர் ஒருவர், மாற்றுக்காகக் கொண்டுவந்திருந்த இன்னொரு மெஷினில் ஆடச் சொல்லிவிட்டார். ஷார்ப் அதில் ஆடிவிட்டு, கடைசியாக பிளஞ்சரைப் பிடித்துக்கொண்டு, பந்து மேலே நடு வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி இழுத்துவிட்டார். போனது. தடை விலகியது. இன்றைக்கு உலகத் தரவரிசைப் புள்ளி கொடுக்கிற பன்னாட்டு ஃபிளிப்பர் பின்பால் சங்கத்தை நடத்துவது அவருடைய மகன்கள் ஜோஷும் ஸாக்கும்தான்.

இதையெல்லாம் சொல்லி அப்பாவை ஒரு போட்டிக்கு அழைத்துப் போனேன். அரைமணி நேரத்தில் போய்விடுவார் என்று நினைத்தேன். பதினாறு பேர் ஆடினார்கள். மதியம் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "கடைசி மூன்று மெஷினிலும் அந்த நீலச் சட்டைப் பெண்தான் முதலில் வருகிறது, கவனித்தாயா?" என்றார். கவனித்தேன் அப்பா என்றேன். சூதாட்டம் என்ற வார்த்தையை அன்றைக்கு அப்புறம் அவர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் போய், "எப்படிம்மா பந்து உனக்கு மட்டும் நிற்கிறது?" என்று கேட்டார். அவள் அவரைப் பயிற்சி மெஷினுக்குக் கூட்டிப்போய், வருகிற பந்தை ஃபிளிப்பரைத் தூக்கி நிறுத்துகிற லைவ் கேட்சைக் காட்டினாள். பந்து ரப்பரைத் தொடுகிற அதே கணத்தில் ஃபிளிப்பர் தன் உச்சிக்கு வந்து சேர வேண்டும், அப்போது பந்தின் வேகம் முழுக்கச் செத்து அப்படியே நிற்கும். ஒரு இமைப்பு முன்னே பின்னே ஆனால் பந்து பறந்துவிடும். அப்பா பத்து தடவை முயன்று பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை, ஆனால் நகரவும் மாட்டேன் என்றார்.

* * *

அப்பா கதை பிரமாதம். எனக்கு மெடீவல் மேட்னஸ் மெஷினில் ஒருவர் கொடுத்த பாடம் உண்டு. 1997-இல் வந்தது, பிரையன் எடி வடிவமைத்தது, நடுவில் ஒரு கோட்டை இருக்கும், அடித்து அடித்து இடிக்கலாம். இடியும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்காகவே எல்லோரும் அதையே அடிப்பார்கள், நானும் அப்படித்தான். ஆனால் கோட்டையில் பட்டுத் திரும்புகிற பந்து பல நேரம் நேராக நடுவில் இறங்கும், நடுவில் இறங்குகிற பந்தை எந்த ஃபிளிப்பரும் எட்டாது. போட்டிக்கு வைத்த மெஷினில் சரிவும் அதிகம், பந்தைத் திருப்பித் தருகிற பால் சேவும் அணைத்திருந்தார்கள். என் மூன்று பந்தும் கோட்டை வாசலில்தான் செத்தன.

என்னோடு ஆடியவர் முதல் இரண்டு பந்தில் கோட்டைப் பக்கமே போகவில்லை. ராம்ப், மறுபடியும் ராம்ப், பந்தைப் பிடித்து நிறுத்தி அடுத்த ராம்ப். பார்க்க ஒரு விறுவிறுப்பும் இல்லை. ஒரே நேரத்தில் பல பந்து வருகிற மல்டிபால் ஆரம்பித்ததும் ஒரு பந்தை ஒரு ஃபிளிப்பரில் தூக்கிப் பிடித்து வைத்துக்கொண்டு, மற்றதைக் கொண்டு கோட்டையை அடிக்க ஆரம்பித்தார். திரும்பி வந்த பந்து நடுவில் போனால் போகட்டும், கையில் இன்னொன்று இருக்கிறதே. கோட்டை இடிந்தபோது நான் கைதட்டிவிட்டேன், போட்டி என்பதே மறந்துபோயிற்று.

போட்டியில் கலக்கிய கீத் எல்வின் பிறகு மெஷின் வடிவமைக்கப் போய், 2018-இல் அயர்ன் மெய்டன், 2021-இல் காட்ஸில்லா என்று கொடுத்திருக்கிறார். ஆடுகிறவர் கை தெரிந்தவர் வடிவமைத்த மெஷின் என்பது காட்ஸில்லாவில் முதல் பந்திலேயே எனக்குத் தெரிந்தது, ஓர் அடியின் முடிவில் பந்து அடுத்த அடிக்கு வாகாக ஃபிளிப்பருக்கு வந்து சேர்கிறது.

* * *

ஆரம்பித்தவன் நான்தான், எல்லாவற்றையும் படித்தேன், டில்ட் கதையை இரண்டு தடவை. போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அதே அம்மா, அதே மாதிரி நான்கு பேர் ஆட்டம், இந்தத் தடவை அவருக்கு முன்னால் என் முறை. முதல் பந்து வலது ஃபிளிப்பருக்கு வந்தது, விரலை எடுத்துவிட்டு நின்றேன், டெட் பவுன்ஸ் அருமையாக வரும் என்று நம்பிக்கை. பந்து ரப்பரில் பட்டு, இடது ஃபிளிப்பரில் இறங்காமல் அதற்கு மேலே எகிறி, ஃபிளிப்பருக்குப் பந்தைக் கொண்டுவருகிற இன்லேனையும் தாண்டி அவுட்லேனில் விழுந்தது. என்ன ஆயிற்று என்றே புரியவில்லை. அவர் மெஷின் முன் வந்து பந்தை விட்டார், அது ஃபிளிப்பருக்கு வந்தது, அவர் சும்மா நிற்கவில்லை, ஃபிளிப்பரைத் தூக்கி வைத்து, பந்து படுகிற நேரத்தில் இறக்கி வேகத்தைக் குறைத்துப் பிடித்தார். அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்து, "ரப்பர் புதுசு, காலையிலே மாத்தியிருக்காங்க. உன் பந்து துள்ளினதைப் பார்த்துத்தான் நானும் கண்டுபிடிச்சேன்" என்றார்.

அந்த ஆட்டத்தில் மூன்றாவதாக வந்தேன். அடுத்த மெஷினுக்குப் போனதும், முதல் ஆள் பந்தை விடும் முன்பே கண்ணாடிக்கு மேலே குனிந்து ஃபிளிப்பர் ரப்பரைத்தான் பார்த்தேன். கறுத்துத் தேய்ந்திருந்தது. விரலை எடுத்துவிட்டு நிற்கலாம்.