பள்ளிக்குள்ளேயே சஸ்பென்ஷன்: ‘இடைநீக்கம்’ பொருந்தவில்லை, வேறு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஊரின் பள்ளிகளுக்கு இந்தக் கல்வியாண்டில் புதிய சூப்பரின்டெண்டென்ட், அதாவது தலைமை நிர்வாகி, வந்திருக்கிறார். வகுப்பில் ஒழுங்கு திரும்பாமல் பாடம் நடக்காது என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார். பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினார்கள், நானும் தட்டினேன். என் மகள் படிக்கும் வகுப்பில் இரண்டு பேர் போடும் சத்தத்தில் இருபத்தைந்து பேரின் கணக்குப் பாடம் கெடுவதை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அப்புறம்தான் புதிய மாணவர் நடத்தை விதிகள் வந்தன. நம் ஊர்களிலிருந்து இங்கே புதிதாக வந்த குடும்பங்களுக்காக அதைத் தமிழில் தருவோம் என்று நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தோம். இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டோம்.

முதலில் பதவிப் பெயர். ‘கண்காணிப்பாளர்’ என்று எழுதினால் படிப்பவருக்குத் தேர்வு அறையில் வினாத்தாள் கொடுப்பவர் நினைவுக்கு வருவார், இல்லையென்றால் காவல்துறை எஸ்பி வருவார். ‘மாவட்டக் கல்வி அலுவலர்’ என்றால் அரசு ஓர் ஆணை போட்டு இடமாற்றம் செய்யக்கூடியவர். இங்கே நிலைமையே வேறு. டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று சொத்து வரி விதிக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தக் குழு இவரை ஒப்பந்தத்தில் அமர்த்துகிறது, பிடிக்கவில்லையென்றால் அனுப்பியும் விடுகிறது. ‘மாவட்டம்’ என்று போட்டால் கலெக்டர் ஆளும் மாவட்டம்தான் கண்முன் வரும். ‘வட்டாரம்’ என்றால் தமிழ்நாட்டில் ஒன்றிய அளவு; வட்டாரக் கல்வி அலுவலர் ஏற்கெனவே இருக்கிறார். இலங்கையில் ‘கல்வி வலயம்’, ‘வலயக் கல்விப் பணிப்பாளர்’ என்று நெடுநாளாகப் புழங்குகிறது. நல்ல சொல் தமிழிலேயே இருக்கும்போது புதிதாக எதற்குச் செய்ய வேண்டும்? ‘பள்ளி வலயம்’, ‘வலயக் கல்விப் பணிப்பாளர்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

‘டிஸிப்ளின்’ என்பதற்கு ‘ஒழுக்கம்’ வேண்டவே வேண்டாம். பாடம் நடக்கும்போது பேசிய பையனைப் பற்றி ‘ஒழுக்கக்கேடான நடத்தை’ என்று வீட்டுக்குக் கடிதம் போனால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் காதில் ஒழுக்கக்கேடு என்ற சொல் வேறு எங்கோ போய் விழும். ‘ஒழுங்கு’ போதும். ‘ஒழுங்கு நடவடிக்கை’ எல்லாருக்கும் பழகிய சொல்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். கையில் கைப்பேசி. பள்ளியின் செயலியில் வந்த கடிதத்தைக் கணினியே தமிழாக்கியிருந்தது. ‘உங்கள் மகன் மூன்று நாட்கள் பள்ளியில் இடைநீக்கம் செய்யப்பட்டுள்ளார்.’ ‘இடைநீக்கம்’ என்ற சொல்லின் மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு, “அக்கா, டிசி குடுத்துட்டாங்களா?” என்று கேட்டாள். பையனுக்குப் பதினொரு வயது. அம்மாவின் பின்னால் நின்று, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளும் அவனைப் பள்ளிக்கே அனுப்பவில்லையாம். “சஸ்பெண்ட் பண்ணின பிள்ளைய எப்படிக்கா அனுப்புறது? வாசல்ல நிறுத்திட்டா?”

ஆனால் மூலக் கடிதத்தில் இருந்தது ‘இன்-ஸ்கூல் சஸ்பென்ஷன்’, சுருக்கமாக ஐ.எஸ்.எஸ். பையன் வழக்கம்போலப் பள்ளிக்குப் போக வேண்டும். வகுப்புக்குப் பதிலாகத் தனி அறை ஒன்றில் ஓர் ஆசிரியர் பார்வையில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை எழுத வேண்டும். அவ்வளவுதான். அவன் போகாததால் தண்டனை அப்படியே நிற்கிறது, மேலே மூன்று நாள் காரணமில்லா விடுப்பும் சேர்ந்துவிட்டது. இந்த ஊரில் அப்படிப்பட்ட விடுப்புகள் கூடினால் அது நீதிமன்றம் வரைக்கும் போகும் விஷயம்.

சொல் சரியாக இருந்திருந்தால் இதில் ஒன்றுமே நடந்திருக்காது. அதனால் என் அளவுகோல் ஒன்றுதான்: கடிதத்தை இரவு படிக்கும் தாய்க்கு, நாளைக் காலை பிள்ளைக்குச் சாப்பாடு கட்ட வேண்டுமா வேண்டாமா என்று அந்தச் சொல்லே சொல்லிவிட வேண்டும்.

இடைநீக்கம் அதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அது அரசு ஊழியரோடு ஒட்டிப்போன சொல். விசாரணை முடியும்வரை அவரை வேலையிலிருந்து விலக்கி வைப்பார்கள், பிழைப்பூதியம் கொடுப்பார்கள். அது தண்டனைக்கு முந்தைய நிலை, எத்தனை நாள் என்றும் தெரியாது. இங்கே பள்ளியில் சஸ்பென்ஷன் என்பதுதான் தண்டனை, நாளும் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. டெக்சாஸில் மாணவரை வீட்டில் இருக்கச் சொல்லும் தண்டனை ஒரு தடவைக்கு மூன்று பள்ளி நாளைத் தாண்டக்கூடாது. விசாரிக்காமல் அனுப்பிவிடவும் முடியாது. ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரப் பள்ளி வழக்கில் 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பத்து நாள் வரையான விலக்கமாக இருந்தாலும் குற்றச்சாட்டு என்ன என்று மாணவரிடம் சொல்ல வேண்டும், அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அந்தப் பக்கம் நின்றார்கள். நம் தமிழ்க் கையேட்டில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

நான் முன்வைக்கும் சொற்கள் இவை. பள்ளிக்குள் தனி அறையில் வைப்பது ‘தனியமர்த்தல்’. வீட்டில் இருக்கச் சொல்வது ‘வருகைத் தடை’. ‘மூன்று நாள் தனியமர்த்தல்’ என்றால் பிள்ளை போக வேண்டும், ‘மூன்று நாள் வருகைத் தடை’ என்றால் போகக்கூடாது. எக்ஸ்பல்ஷனுக்குப் ‘பள்ளி நீக்கம்’. நீக்கம் என்ற சொல்லை அதற்கு மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

ஹூஸ்டனில் நடப்பதற்கும் தனியமர்த்தல் பொருந்துகிறது. 2023 ஜூனில் மாநிலக் கல்வித்துறை அந்த வலயத்தைத் தன் கையில் எடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவை ஒதுக்கிவிட்டு, மைக் மைல்ஸை சூப்பரின்டெண்டென்டாக அமர்த்தியது. வகுப்பைக் குலைக்கும் மாணவரை அவர் வீட்டுக்கு அனுப்பவில்லை. பள்ளிக்குள்ளேயே வேறு அறைக்கு அனுப்பினார், அங்கிருந்தபடியே காணொளியில் அதே பாடத்தைத் தொடரச் செய்தார். சில பள்ளிகளில் நூலகமே அந்த அறையாக மாறியது, அதை எதிர்த்துப் பெரிய போராட்டங்களும் நடந்தன. நூலகத்தை எடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையைப் பாடத்தோடு வைத்திருந்தது நல்லது என்றே நினைக்கிறேன்.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். சொற்கள் முடிந்ததும் கையேட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

---

மறுமொழிகளுக்கு நன்றி. வரிசையாக வருகிறேன்.

> பணிப்பாளர் என்பது தமிழ்நாட்டாருக்குப் பணியாளர் போலக் கேட்கும். இயக்குநர் என்றால் என்ன?

ஐயா, நீங்கள் சொல்வது சரி. என் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன், அவரும் “வேலைக்காரரா?” என்றார். ‘வலயக் கல்வி இயக்குநர்’ என்று மாற்றிவிட்டேன். வலயம் அப்படியே இருக்கட்டும்.

> டிடென்ஷனை மறந்துவிட்டீர்கள். அகராதியைப் பார்த்துத் தடுப்புக்காவல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தங்கச்சி. எங்கட ஆக்களுக்கு அந்தச் சொல் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

அண்ணா, இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. எங்கள் வரைவில் அந்தச் சொல்தான் இருந்தது. தமிழ்நாட்டில் அது குண்டர் சட்டத்தை நினைவூட்டும் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தோன்றியது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளும் இந்தக் கையேட்டைப் படிக்கும் என்பது தோன்றாமல் போனது. எடுத்துவிட்டோம். வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் இருக்க வைப்பதற்கு ‘இருத்திவைப்பு’ என்று போட்டிருக்கிறோம். ‘இன்று 4 மணி வரை இருத்திவைப்பு, அழைத்துச்செல்ல வரவும்’ என்று மாதிரிக் கடிதத்தில் எழுதிப் பார்த்தோம், தடையில்லாமல் படிக்க முடிகிறது.

> தனியமர்த்தல் பேச்சில் நிற்குமா? பிள்ளைகள் ஐ.எஸ்.எஸ். என்றுதானே சொல்வார்கள்?

பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள் அக்கா, சொல்லட்டும். கடிதத்தைப் படிக்கப் போவது அம்மாக்கள். நேற்று அந்தத் திருநெல்வேலிப் பெண்ணிடம் நான்கு சொற்களையும் வெறும் தாளில் எழுதி, விளக்கம் எதுவும் சொல்லாமல் நீட்டினேன். ‘வருகைத் தடை’யைப் பார்த்து, “இது வீட்ல வச்சுக்கிறது.” ‘பள்ளி நீக்கம்’, “இது டிசி.” ‘இருத்திவைப்பு’, “லேட்டா விடுவாங்க.” ‘தனியமர்த்தல்’ என்பதில் மட்டும் கொஞ்சம் நின்றாள். “தனியா உக்கார வைக்கிறதா? அப்ப ஸ்கூலுக்குப் போகணும்லக்கா?”

போகணும் என்றேன். நான்கு சொற்களோடும் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.