லாயத்து ஆட்களுக்கு வார லீவு: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோவைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறேன். 7 குதிரைகள், பராமரிக்க 3 பேர். காலை 5 மணிக்குத் தீனி, ராத்திரி 8 மணிக்குக் கடைசித் தண்ணீர். போன கோடையிலிருந்து யாருக்கும் முழுசாக ஒரு நாள் லீவு தர முடியவில்லை.

முறை வைத்துப் பார்த்தேன். ஒருவர் போனால் மற்ற இருவருக்கும் இடுப்பு ஒடிகிறது. லீவன்று வந்தால் இரட்டைச் சம்பளம் என்றேன்; பணத்தை வாங்கிக்கொண்டு லீவையே விட்டுவிட்டார்கள். அது ஓய்வு ஆகாதே! அப்புறம் பகுதி நேரத்துக்கு ஒரு பையனை வைத்தேன். மார்வாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்று அவனைக் கண்டாலே காதை மடக்கி, உதைக்கிற மாதிரி பின்பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறது. வேலையாட்கள் 10 பேருக்குக் கீழே என்பதால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டாயமில்லை; விபத்துக் காப்பீடு மட்டும் எடுத்திருக்கிறேன்.

மூன்று, நான்கு பேரை மட்டும் வைத்து லாயம் நடத்துகிறவர்கள் வாரம் ஒரு முழு நாள் லீவை எப்படிக் கொடுக்கிறீர்கள்?