வெளி எஸ்எஸ்டி 40 எம்பிக்கு மேல் போகவில்லை, உதவி தேவை

கேள்வி (கொக்குவில்):
வணக்கம். கலியாண வீடியோ எடிட் செய்கிறேன். லாப்டொப்புக்குள் இருக்கும் என்விஎம்இ (வேகமான உள் வகை) எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டில்லாத மெமரி டிஸ்க், நொடிக்கு 3000 எம்பிக்கு மேல் வாசிக்கிறது. இடம் போதாமல் வெளி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். பெட்டியில் 1050 எம்பி என்று போட்டிருக்கிறது. கொப்பி பண்ணினால் 40ஐத் தாண்டவில்லை. டிஸ்க் பழுதா? கடையில் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவா?

பதில் (சுன்னாகம்):
பொறுங்கோ தம்பி, கடைக்குப் போக முதல் வயரைப் பாருங்கோ. யூஎஸ்பி 2.0இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே அது 60 எம்பி (மெகாபைட்). நடைமுறையில் 40 எம்பி அளவுதான் வரும். போன் சார்ஜர் வயர் கொழுவியிருக்கிறீர்களா? டைப்-சி முனை இருந்தாலும் அவற்றில் பலவற்றுக்குள் யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும்தான் இருக்கும். பெட்டியோடு வந்த வயரைப் போட்டுப் பாருங்கோ.

கேட்டவர்:
ஓம் அண்ணை, போன் வயர்தான். மாற்றியதும் 430 வருகிறது, பெரிய உதவி. ஆனால் 1050 வரவில்லையே? பெரிய கோப்பு என்றால் பாதியில் 150க்கு இறங்கியும் விடுகிறது.

பதில் (திருநெல்வேலி):
உங்கள் லாப்டொப்பின் யூஎஸ்பி போர்ட் (வயர் கொழுவும் வாசல்) நொடிக்கு 5 கிகாபிட் வகையாக இருக்க வேண்டும். அதில் 8 பிட் தரவுக்கு, அதாவது ஒரு பைட்டுக்கு, 10 பிட் அனுப்பப்படுகிறது. ஆகவே உச்சமே 500 எம்பி, கையில் கிடைப்பது அதிலும் குறைவு. 1050க்கு 10 கிகாபிட் போர்ட் வேண்டும். லாப்டொப் மொடல் இலக்கத்தைத் தேடினால் விபரம் கிடைக்கும்.

அது கிடைத்தாலும் உள்ளே இருப்பதற்கு ஈடாகாது. உள் எஸ்எஸ்டி நான்கு பிசிஐஇ பாதைகளில் (கணினிக்குள் இருக்கும் அதிவேக இணைப்பு) ப்ராசசரோடு நேராகப் பேசுகிறது. பிசிஐஇ மூன்றாம் தலைமுறையில் அது 3500 எம்பி வரை, நான்காம் தலைமுறையில் 7000 வரை போகும். வெளியே இருப்பதற்குள்ளும் அதே வகை மெமரிதான், ஆனால் நடுவில் ஒரு சிப் எல்லாவற்றையும் யூஎஸ்பிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். வேகத்தை அடைப்பது அந்த வாசல்தான், டிஸ்க் அல்ல.

பதில் (சுன்னாகம்):
பாதியில் இறங்குவதற்கு வேறு காரணம். எழுதும்போது முதலில் வேகமான தற்காலிக இடத்தில் போடும். அது நிரம்பியதும் மெமரியின் சொந்த வேகம் தெரியவரும். சூடு ஏறினாலும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் லாப்டொப்புக்கு மேல் வைக்காதீங்கோ, ஃபேன் காற்றுப் படட்டும். எடிட்டை உள் டிஸ்க்கில் செய்து, முடிந்த வேலையை மட்டும் வெளிக்கு மாற்றுங்கோ. கழற்ற முதல் 'இஜெக்ட்' கொடுக்க மறக்க வேண்டாம், கலியாண வீட்டைத் திரும்ப எடுக்க முடியாது.