எல்லாச் சோதனைகளிலும் தேறிய ஐசிக்குள் கெடுநோக்குச் சுற்று ஒளிந்திருக்க முடியுமா?

சூரமங்கலத்தான்:
வணக்கம். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களுக்கு, கைபேசி வழியே மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சேலத்தில் செய்து வருகிறேன். புதிதாக வாங்கிய மைக்ரோகன்ட்ரோலர்கள் (பெட்டியை இயக்கும் ஐசி சில்லுகள்) எல்லாச் சோதனைகளிலும் தேறின. ஆனால் உறக்க நிலையில் பழையவை 2 மைக்ரோஆம்பியர் இழுத்த இடத்தில் இவை 7 இழுக்கின்றன. உள்ளே கூடுதல் சுற்று எதையேனும் சேர்த்திருந்தால் அதை என் மேசையிலேயே கண்டறிய இயலுமா? நள்ளிரவில் மோட்டார் தானாக ஓடினால் கிணறு வற்றி, மோட்டாரும் கருகிவிடும்.

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
சோதனையில் தேறியதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். ட்ரோஜன் எனப்படும் இத்தகைய ஒளிந்த கெடுநோக்குச் சுற்றில் தூண்டும் பகுதி, கேடு செய்யும் பகுதி என இரண்டு உண்டு. சில்லுக்குள் எண்ணை வைத்திருக்கும் 32 பிட் பதிவகத்தில் ஒரே ஓர் எண் வந்தால் மட்டும் விழிக்கும்படி தூண்டும் பகுதியை அமைத்திருந்தால், 429 கோடிக்கும் மேற்பட்ட எண்களுள் அந்த ஒன்று உங்கள் சோதனையில் அகப்படுவது அரிது.

மின்தடம்:
மின்னோட்டத்தை அளந்தது மிகச் சரி. ஐபிஎம் ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2007-இல் இந்த வழியையே முறைப்படுத்தியது: சில சில்லுகளின் மின்நுகர்வைப் பதிந்துகொண்டு, பிறகு அவற்றையே அடுக்கடுக்காகப் பிரித்து வடிவமைப்போடு ஒப்பிட்டு, பழுதற்றவை என்று உறுதியானபின் அந்தப் பதிவை மற்றவற்றுக்கு அளவுகோலாக்குவது. ஆனால் ஒரே வேஃபரில் (சில்லுகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தகட்டில்) பிறந்த சில்லுகள்கூட ஒரே அளவு மின்சாரம் இழுப்பதில்லை. அந்த வேறுபாட்டுக்குள் சிறிய ட்ரோஜன் மறைந்துவிடும். பழைய அளவை எங்கே எடுத்தீர்கள்? உறங்கும்போதும் சில்லில் கசியும் மின்னோட்டம், வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்கு ஒருமுறை இரட்டிக்கும்.

சூரமங்கலத்தான்:
மார்கழியில், ஏற்காட்டில் எடுத்தது. புதியதைச் சித்திரையில் சேலத்தில் எடுத்தேன். இன்று இரண்டையும் ஒரே மேசையில் வைத்து அளந்தேன்: பழையது 5, புதியது 7. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தபோது புதியவற்றின் எழுத்துகள் கரைந்து, அடியில் சுரண்டிய கோடுகள் தெரிந்தன.

மின்தடம்:
அப்படியானால் 2-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாடு வெப்பத்தால் வந்தது; புதியவையோ, பெயர் மாற்றி அச்சிட்ட, ஏற்கெனவே பயன்படுத்திய அல்லது வேறு வகைச் சில்லுகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாங்குபவருக்கு ட்ரோஜனைவிட இதுவே அடிக்கடி நேரும் கேடு. முழுத் தொகுதியையும் திருப்பி அனுப்புங்கள்.

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
ட்ரோஜனே இல்லை என்று உறுதி செய்வது வேறு வேலை. ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர ஆய்வாளர்கள் 2023-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வடிவமைப்புக் கோப்புகளோடு ஒப்பிட்டு, 40 மாற்றங்களில் 37-ஐக் கண்டுபிடித்தார்கள். தப்பிய மூன்றும் 28 நானோமீட்டர் சில்லில் இருந்தவை. அந்தக் கோப்பு தயாரிப்பாளரிடம்தான் இருக்கும், நம்மிடம் இராது. ஆகவே மைக்ரோகன்ட்ரோலர் என்ன சொன்னாலும், தண்ணீர் குறைந்தால் மோட்டாரின் இணைப்பைத் துண்டிக்கும் மிதவை சுவிட்ச் ஒன்றைக் மோட்டாருக்கு மின்சாரம் தரும் கான்டாக்டரின் (மின்காந்த சுவிட்சின்) சுருளோடு நேரடியாகத் தொடரில் இணைத்துவிடுங்கள்.