கான்வெக்ஸ் எட்ஜுக்குத் தமிழ் என்ன? (அவசரம்)

மொழிபெயர்க்கிறவர்: வணக்கம். சமையல் கத்திப் பராமரிப்புக் கையேடு ஒன்று, வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். கத்தியின் இரு பக்கமும் தட்டையாகச் சரியாமல் லேசாகப் புடைத்து வந்து கூரில் சேர்வதுதான் கான்வெக்ஸ் எட்ஜ். தட்டைச் சாணைக்கல்லில் ஒரே கோணத்தில் தேய்த்தால் வளைவு போய்ப் பட்டை விழுந்துவிடும். அதனால் ரப்பர் மெத்தைமேல் உப்புத்தாளை விரித்து, முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர, அழுத்தாமல் இழுக்க வேண்டும். தாள் அமுங்கி வளைவோடு ஒட்டும். 'குவிந்த விளிம்பு' போதுமா?

கோவை: போதாது. தாமரை குவியும், கை குவியும். குவிதல் என்றால் சேர்தல். 'புடைவாய்' என்பதே நேர்.

யாழ்ப்பாணம்: குவிவு வில்லை படிச்ச பிள்ளையளுக்கு என்ன குழப்பம் ஐயா? குவிவாடி ஒளியை விரிக்கத்தானே செய்யுது. பெயர் வடிவத்துக்கு.

சென்னை: ஜப்பானில் இதை ஹமகுரிபா என்பார்கள். ஹமகுரி ஒருவகை மட்டி. மூடிய ஓட்டின் வெட்டுத்தோற்றம் இந்தக் கத்தியின் வளைவைப் போலவே இருக்கும். 'மட்டிவாய்' வைக்கலாமே?

மதுரை: தம்பி, கடையில் 'மட்டிவாய்க் கத்தி' கேட்டால் யார் மட்டி என்று கடைக்காரருக்கே தெரிந்துவிடும்.

கோவை: புறநானூறு 95-இல் 'கோடுநுதி சிதைந்து' என்கிறார் ஔவை. கோடுதல் என்றால் வளைதல். ஆகவே 'கோடுவாய்'. அதே பாட்டில் 'நெய் அணிந்து' என வருவதையும் பாருங்கள், பராமரிப்புக் குறிப்பே இருக்கிறது!

மதுரை: அந்தப் பாட்டில் நெய் பூசிக் கிடந்தவை தொண்டைமான் என்ற அரசனின் வேலைக்குப் போகாத ஆயுதங்கள் ஐயா. நம் கத்தி தினம் வெங்காயம் நறுக்குகிறது. அந்தப் பாட்டில் கோடு என்பது பக்கம். நடுநிலை கோணாமையைச் சொல்லும் 'கோடாமை சான்றோர்க் கணி' குறளைப் படித்தவர்கள் இதைக் கோணல் கத்தி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

யாழ்ப்பாணம்: பெயரை விடுங்கோ. ஒரு பக்கம் தேய்க்கேக்கை மறுபக்கக் கூரிலை மடிஞ்சு எழும்புற மெல்லிய உலோகப் பிசிறு முழு நீளத்துக்கும் விரலிலை தட்டுப்பட்ட பிறகுதான் பக்கம் மாத்தவேணும். இழுவை முடியேக்கை மணிக்கட்டைத் தூக்கினால் கூர் மழுங்கும். கடைசியிலை தோல்வாரிலை இழுத்துத் தீட்டவேணும். இதுகளைத் தெளிவாய் எழுதுங்கோ.

மொழிபெயர்க்கிறவர்: நன்றி அக்கா. நீங்கள் சொன்ன குவிவையே எடுத்து 'குவிவு விளிம்பு' என்று வைக்கிறேன். முதலிடத்தில் மட்டும் பக்கத்தில் கான்வெக்ஸ் எட்ஜ் என்றும் போடுகிறேன்.

கோவை: விளிம்பு தட்டுக்கு. கத்திக்கு வாய். அனுப்புமுன் அதையாவது மாற்றுங்கள்.