சான் ஃபிரான்சிஸ்கோவில் அறையைச் சில நாள் வாடகைக்கு விடுவது: வரியை இணையத்தளமே கட்டினால் நம் பொறுப்பு என்ன?

கேள்வி: சன்செட்வாசி

வணக்கம். சன்செட் பகுதியில் சொந்த வீட்டில் குடும்பத்தோடு வசிக்கிறோம். மதுரையிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் மாதங்கள் போக, கீழ்த்தளத்தின் இரண்டு அறைகளும் பூட்டியே கிடக்கின்றன. அவற்றை ஏர்பிஎன்பி வழியாக இரண்டு மூன்று நாள் தங்குபவர்களுக்கு விடலாம் என்று எண்ணம். நகரத்துக்குச் சேர வேண்டிய 14 விழுக்காடு தங்கல் வரியை அந்தத் தளமே விருந்தினரிடம் வாங்கிக் கட்டிவிடுகிறது. பிறகு நான் எதற்குத் தனியாகத் தொழில் பதிவு செய்ய வேண்டும்? டிசம்பரில் நான்கு வாரம் ஊருக்குப் போகும்போது முழு வீட்டையும் விடலாமா? தெரிந்தவர்களின் உறவினர்கள் தளத்தின் வழியே வராமல் நேரடியாகப் பணம் தந்து தங்குவதாகக் கேட்கிறார்கள். அதற்கும் வரி உண்டா?

மறுமொழி: ரிச்மண்ட்காரன்

தளம் கட்டுவது விருந்தினர் தர வேண்டிய வரியை மட்டும்தான். வாடகைக்கு விடும் உரிமையை அது உங்களுக்குப் பெற்றுத் தருவதில்லை. நம்மவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

2015 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுகிறவர் முதலில் நகரப் பொருளாளர் அலுவலகத்தில் தொழில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு குறுகிய கால வாடகை அலுவலகத்தில் விண்ணப்பித்து, இரண்டாண்டுக்குச் செல்லும் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு அந்த வீடு உங்கள் நிரந்தர இருப்பிடமாக இருப்பதும், விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 60 நாள் தொடர்ந்து அங்கே குடியிருந்திருப்பதும், ஆண்டில் 275 இரவுகளாவது நீங்கள் அங்கே உறங்குவதும், 5 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு இருப்பதும் தேவை. சாதாரண வீட்டுக் காப்பீடு போதும் என்று இருந்துவிடாதீர்கள். பணம் தரும் விருந்தினர் படியில் வழுக்கி விழுந்தால் பல நிறுவனங்கள் கையை விரித்துவிடும். தளம் தரும் காப்பீடு அந்தத் தொகையை எட்டினால் நகரம் அதை ஏற்றுக்கொள்கிறது.

டிசம்பர் பயணத்துக்குத் தடையில்லை. நீங்கள் வீட்டில் இருக்கும் இரவுகளில் அறையை விடுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. நீங்கள் இல்லாமல் விடும் இரவுகள்தான் ஆண்டுக்கு 90ஐத் தாண்டக் கூடாது. ஆனால் ஜனவரியிலும் கோடையிலும் ஊருக்குப் போகிற குடும்பமென்றால் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எந்தெந்த இரவுகளில் விருந்தினர் தங்கினார்கள் என்று குறுகிய கால வாடகை அலுவலகத்துக்கு அறிக்கை தர வேண்டும். அறிக்கை தராமல் விட்டவர்களுக்குப் புதுப்பிக்கும் சமயத்தில்தான் சிக்கல் தெரியவரும். தீயணைப்பான், எரிவாயு அடைப்பான், வெளியேறும் வழி ஆகியவை எங்கே உள்ளன என்ற அறிவிப்பை வாசற்கதவின் உட்பக்கம் ஒட்டுவதும் சட்டத்திலேயே உள்ளது.

பதிவில்லாமல் விடுவது முன்பு நடந்தது. தளங்களுக்கும் நகரத்துக்கும் இடையிலான வழக்கு 2017இல் சமரசமாக முடிந்து, 2018 ஜனவரியில் பதிவு எண் இல்லாத விளம்பரங்கள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டன. இப்போது எண் இல்லாமல் விளம்பரமே ஏறாது.

மறுமொழி: வரிக்கணக்கர்

நேரடியாகப் பணம் வாங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன். பணம் வாங்காமல் உறவினரைத் தங்கவைத்தால் வாடகை இல்லை, ஆகவே வரியும் இல்லை. பணம் வாங்கினால் நீங்கள் நகரத்தின் பார்வையில் விடுதி நடத்துபவர். இரவுக்கு 150 டாலர் வீதம் மூன்று இரவு, துப்புரவுக் கட்டணம் 60 டாலர் என்றால் மொத்தம் 510. அதில் 14 விழுக்காடு 71 டாலர் 40 சென்ட். துப்புரவுக் கட்டணத்தை வாடகையோடு சேர்க்காமல் கணக்கிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. தளத்தில் நடக்கும் முன்பதிவுக்கு இதைத் தளம் வசூலித்துக் கட்டும். ஸெல் என்ற பணப்பரிமாற்றச் சேவை வழியாக நேரே உங்கள் வங்கிக் கணக்கில் விழும் பணத்துக்கு நீங்களே வசூலித்து, நீங்களே பொருளாளர் அலுவலகத்தில் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும். அதற்கென்று வசூலிக்கும் அதிகாரச் சான்றும் பெற வேண்டும். எப்போதாவது வரும் இரண்டு விருந்தினருக்காக இவ்வளவு தாள் வேலை எதற்கு? அவர்களையும் தளத்தின் வழியே வரச்சொல்லிவிடுங்கள்.

தங்கல் 30 நாளை எட்டினால் இந்த வரி விலகும். ஆனால் அப்போது தங்கியிருப்பவர் விருந்தினர் அல்ல, வாடகைதாரர் என்ற நிலை உருவாகக்கூடும். வாடகைதாரருக்கு இந்த ஊர் தரும் பாதுகாப்பு எவ்வளவு வலுவானது என்பது இங்கே வசிக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே.

தொழில் பதிவு என்றதும் மொத்த வரவு மீதான நகர வரியை நினைத்து அஞ்ச வேண்டாம். 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற 'எம்' (M) என்ற முன்மொழிவுக்குப் பிறகு 50 லட்சம் டாலர் வரை வரவுள்ள சிறு தொழில்களுக்கு அதில் விலக்கு உண்டு. பதிவுக் கட்டணத்தை மட்டும் ஆண்டுதோறும் கட்டிப் புதுப்பித்து வாருங்கள். பலர் மறப்பது சொத்து மதிப்பீட்டாளர் அலுவலகத்தைத்தான்: விருந்தினர் பயன்படுத்தும் கட்டில், மெத்தை, தொலைக்காட்சி ஆகியவை தொழில் உடைமைகளாகக் கருதப்படுவதால், அவற்றின் விலையைக் காட்டும் படிவத்தை அங்கே தாக்கல் செய்ய வேண்டும். பொருள்கள் வாங்கிய ரசீதுகளை எறியாதீர்கள்.

இன்னொன்று. ஆண்டில் 15 நாளுக்குக் குறைவாகச் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்தைக் கூட்டரசு வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்ற விதி உண்மைதான். அது நகரத்தைக் கட்டுப்படுத்தாது. ஓர் இரவு விட்டாலும் பதிவும் தங்கல் வரியும் உண்டு.

மறுமொழி: மிஷன்மேடு

முன்னவர்கள் தொடாத ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். 'கீழ்த்தளத்தின் இரண்டு அறைகள்' என்கிறீர்கள். சன்செட் வீடுகளின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு அங்கேதான் கேள்வி எழும். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் தனி வாசல், தனிக் குளியலறை, ஓரத்தில் ஒரு சமையல் மேடை என்று முந்தைய உரிமையாளர்கள் கட்டிவைத்திருப்பது அங்கே சகஜம். அது தனிக் குடியிருப்பாகக் கருதப்பட்டால் நீங்கள் குடியிருப்பது மேல்தளத்தில்தான், கீழ்த்தளம் உங்கள் இருப்பிடமே அல்ல என்று விண்ணப்பம் தள்ளுபடியாகும். கூடுதல் குடியிருப்பாக நகரத்தின் அனுமதியோடு கட்டியிருந்தாலோ, குறுகிய கால வாடகைக்கு அது தகுதியே பெறாது; நகரம் அவற்றை அனுமதித்தது நிரந்தரமாகக் குடியிருப்போருக்காக. அனுமதி இல்லாமல் கட்டியிருந்தால் விண்ணப்பமே அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

சன்செட்வாசி

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. கீழ்த்தளத்துக்கு வீட்டுக்குள்ளிருந்தே படிக்கட்டு உண்டு. சமையல் மேடை இல்லை. ஆனால் கைகழுவும் தொட்டியும் சிறு குளிர்பதனப் பெட்டியும் உள்ளன. பின்பக்கத் தோட்டத்திலிருந்தும் ஒரு கதவு இருக்கிறது. இது தனிக் குடியிருப்பாகிவிடுமா?

மிஷன்மேடு

உள்படிக்கட்டு இருப்பதும் அடுப்பு இல்லாததும் உங்களுக்குச் சாதகம். ஆனாலும் அனுமானத்தில் இறங்க வேண்டாம். வீடு வாங்கியபோது விற்றவர் தந்த தாள்களில் கட்டட ஆய்வுத் துறையின் 3ஆர் அறிக்கை, அதாவது வீட்டின் அனுமதிப் பதிவுகளைக் காட்டும் அறிக்கை, இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு ஒரு குடும்ப வீடு என்றுள்ளதா, கீழ்த்தள அறைகளுக்கும் குளியலறைக்கும் கட்டட அனுமதி அதில் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால், அனுமதிகளைச் சீர்செய்யும் வழியைக் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் முதலில் கேட்டுவிட்டுப் பொருளாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.